பொலிவுப் பெரட்டு

மூக்குத்திமலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒருத்தியின் முகம் அவளுக்கே சொந்தம் என்றுதான் தனுஜா இத்தனை காலமும் நினைத்துக்கொண்டிருந்தாள். பாவம், உயர்தரம் வரை படித்த பெண். படித்தவர்களுக்கு இப்படிச் சில தப்பெண்ணங்கள் இருக்கத்தான் செய்யும். அவற்றைத் திருத்துவதற்காகவே ஆண்டவன் தோட்டக் கம்பனிகளைப் படைத்திருக்கிறான்.

பொகவந்தலாவையிலிருந்து மேலே ஏறும் பஸ் மூச்சுவாங்கி நிற்கிற கடைசி இடம் அது. காலையில் எதிரே நிற்பவர் தெரியாத பனிமூட்டம், சற்று நேரம் போனால் மண்டையைப் பிளக்கிற வெயில். அந்த வெயிலில் கொழுந்து பறிக்கிற பெண்களின் கன்னத்தில் கறுப்பாகத் திட்டு விழும். மங்கு என்பார்கள். தனுஜாவின் அம்மா மீனம்மாவுக்கு அது விழுந்து, பரவி, முகத்தின் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. மகளுக்கும் மூக்கின் இருபுறமும் எட்டிப் பார்க்கத் தொடங்கியபோதுதான் தனுஜா கைபேசியைத் திறந்து, யாரோ ஒரு பெண் வீட்டிலேயே சீரம் செய்து காட்டுகிற வீடியோவைப் பார்த்தாள்.

ஹட்டனுக்குப் போய் நயசினமைட் என்ற வெள்ளைத் தூளும், கிளிசரினும், கெட்டுப்போகாமல் காக்கிற மருந்தும், வழவழப்புக்கு ஒரு பொட்டலம் பசைத்தூளும் வாங்கி வந்தாள். தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் அடுப்படியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கலந்தாள். முதலில் செய்தது கட்டிகட்டியாய் மிதந்தது. அடுத்தது சோற்றுக் கஞ்சி மாதிரி வந்தது. பிறகு ஒருநாள், கிளிசரினில் பசைத்தூளை முதலில் குழைத்துக்கொண்டு தண்ணீரை மெல்ல மெல்ல விட்டபோது, தெளிவாகச் சேர்ந்துவிட்டது. தண்ணீரைவிடச் சற்றே தடிப்பு, அவ்வளவுதான். கன்னத்தில் வைத்தால் பிசுபிசுக்காமல் உள்ளே இறங்கிவிடும். வாரக்கணக்கில் வைத்தும் நிறம் மாறவில்லை, நாற்றம் எடுக்கவில்லை. அவள் முகத்துத் திட்டும் மெல்ல மெல்ல வெளிறியது.

அயல் காம்பரா வீட்டுப் பெண்கள் சும்மா இருப்பார்களா?

"வெள்ளையாக்காதுக்கா," என்று தனுஜா எல்லோரிடமும் முதலிலேயே சொல்லிவிடுவாள். "அந்தத் திட்டு மட்டும் கொஞ்சம் கொறையும். அதுவும் தலையில துணி போட்டுக்கிட்டுப் போனாத்தான்."

இந்தத் தோட்டத்தில் காய்ச்சல் பரவினால் ஆபீசுக்குத் தெரிய ஒரு மாதம் ஆகும். ஒருத்தி கன்னத்தில் எதையோ தடவினால் அன்று மாலையே தெரிந்துவிடும். தெரிந்தது.

ஆபீசுக்கு முகத்தில் என்ன அக்கறை என்று கேட்கலாம். பழைய துரை பங்களா இப்போது வெளிநாட்டுக்காரர் தங்குகிற ஹோட்டல். அதன் ஜன்னலுக்கு நேரே இருக்கிறது முன்மலை. தங்கிப் போன எவரோ ஒருவர், 'மலை அழகு, ஆனால் அங்கே வேலைசெய்யும் பெண்கள் வாடிப்போயிருக்கிறார்கள்' என்று இணையத்தில் எழுதிவிட்டார். நானும் நீங்களுமாக இருந்தால் சாப்பாட்டைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ யோசிப்போம். கொழும்பிலிருக்கும் தலைமையகம் நம்மைவிட அறிவுள்ளது. வாட்டம் முகத்தில்தானே இருக்கிறது, முகத்தைச் சரிசெய்தால் போயிற்று என்று கண்டுபிடித்தது. 'முகப்பொலிவு மேம்பாட்டுப் பிரிவு' பிறந்தது. அதற்கு அதிகாரியாக, அதுவரை மண்ணின் புளிப்பை அளந்துகொண்டிருந்த யாழ்ப்பாணத்துப் பேரின்பநாயகம் நியமிக்கப்பட்டார். மண்ணை அளக்க மெஷின் வந்துவிட்டதால் அவர் சும்மா இருந்தார்.

தனுஜாவுக்கு அழைப்பு வந்தது. அவள் பயந்துகொண்டே போனாள்.

"பயப்பிடாதையும் பிள்ளை, இரும்," என்றார் பேரின்பநாயகம் மிகுந்த அன்போடு. "இந்தத் தோட்டத்தில விளையிறதெல்லாம் கம்பனிக்குச் சொந்தம். உம்மட மண்டையில விளைஞ்ச யோசினையும் தோட்டத்திலதானே விளைஞ்சது? எங்களுக்கு உம்மில பெரிய மதிப்பு. அதாலதான் சம்மதம் கேக்காமல் எடுக்கிறம். கேட்டா நீர் யோசிக்கவேண்டி வரும். அது உமக்கு வீண் கரைச்சல்."

தனுஜா தலையாட்டினாள். அவ்வளவு அன்பாகப் பேசுகிறவரிடம் எதை மறுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தத் தோட்டத்தில் ஒரு சட்டம் உண்டு. தோட்டத்தில் தயாராகும் எந்தப் பொருளும் ஃபக்டரியின் ருசி பார்க்கும் அறையைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். அது தேயிலைக்கு எழுதிய சட்டம். ஆனால் சட்டத்தில் 'எந்தப் பொருளும்' என்று இருந்ததால், தனுஜாவின் சீரம் வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றப்பட்டு, வெண்ணிற மேலங்கி அணிந்த டீமேக்கர் கணேசமூர்த்தியின் முன்னால் வைக்கப்பட்டது. அவர் கரண்டியால் அள்ளி, 'ஸ்ர்ர்' என்று உறிஞ்சி, நாக்கில் உருட்டி, பக்கத்திலிருந்த படிக்கத்தில் துப்பினார்.

"நெறமில்ல. ஒடம்பில்ல. வாசமில்ல," என்றார் துக்கத்தோடு. "நாக்குல வச்சா ஒண்ணுமே பேச மாட்டேங்குது. வாய் கொப்பளிக்கத்தான் ஆகும்."

"ஐயா, அது குடிக்கிறது இல்லைங்க. மூஞ்சில போடுறது," என்றாள் தனுஜா.

"எங்க போட்டாலும் தரம் ஒண்ணுதாம்மா. இந்த நாக்க வச்சுத்தான் லண்டனுக்கே தேயில போகுது. ஒங்க மூஞ்சி லண்டனவிட ஒசத்தியா?"

இதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா?

சீரத்தைத் 'தரமுயர்த்தும்' வேலை தொடங்கியது. உடம்பு, அதாவது தேயிலைக்காரர் பாஷையில் தடிப்பு, வர ஃபக்டரித் தேயிலைத் தூசியை அவித்து ஊற்றினார்கள். சுள்ளென்று இருக்க எலுமிச்சம்பழங்களைக் கூடைகூடையாகப் பிழிந்தார்கள். பேரின்பநாயகம் தம் பங்குக்கு ஏதோ புளிப்புத் தூளைக் கொட்டினார். "தேயிலைச் செடி புளிச்ச மண்ணிலதான் செழிக்கும். அந்தச் செடியோட பரம்பரையாக் கிடக்கிற சனத்தின்ர தோலும் அப்பிடித்தான் இருக்கவேணும். இது விஞ்ஞானம், பிள்ளை," என்று விளக்கினார். பிறகு எல்லாவற்றையும் ஒரு பீப்பாயில் அடைத்து, கொழுந்தைப் புளிக்கவைக்கிற அறையில் வைத்தார்கள்.

திறந்தபோது அது பழுப்பாகி, நுரை தள்ளி, ஊசிப்போன குழம்பு மாதிரி நாறியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தால்கூடப் பரவாயில்லை, குரங்குக்கு உயிராவது இருக்கும்.

"ஐயா, நெறம் மாறுனா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமாங்க. அந்த வீடியோவுல வர்ற அக்கா கொட்டிரச் சொன்னாங்க," என்று தனுஜா மெல்லச் சொன்னாள்.

கணேசமூர்த்தி அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அந்த அக்கா தேயில போட்டவங்களா? பச்சக் கொழுந்து நெறம் மாறுனாத்தாம்மா சரக்கு. மாறாதது குப்பைக்கு." ஒரு கரண்டி உறிஞ்சினார். கண்ணை மூடினார். "ஆகா, இப்பத்தான் ஒடம்பு வந்திருக்கு!" என்றார். துப்பவும் மறக்கவில்லை.

பீப்பாயில் 'தனுஜா பொலிவு நீர்' என்று பெரிய எழுத்தில் எழுதினார்கள். அவளுக்குக் கை தட்டினார்கள். ஒரு பொருளுக்கு யாருடைய பெயரை வைக்கிறோமோ அவர் தலையிலேயே பழியையும் வைக்கலாம் என்பது ஆபீஸ் அறிந்த பழைய வித்தை. அவளுக்கு அது அப்போது விளங்கவில்லை.

மறுவாரம் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கூப்பிடுவதற்கு முன்னால், பெண்களைப் பனிக்குள் வரிசையாக நிறுத்தினார்கள். கங்காணி கந்தப்பன் ஒரு வாளியும் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மட்டைத் தூரிகையுமாக வந்தார். பெண்கள் ஒருவர்பின் ஒருவராக முகத்தை நீட்ட, அவர் இந்தக் கன்னத்தில் ஒன்று, அந்தக் கன்னத்தில் ஒன்று என்று இழுத்துவிட்டார். பின்னால் பேரின்பநாயகம் ஓர் அட்டையோடு நின்றார். நிறத்தை அளக்கக் கருவி வாங்கப் பணமில்லாததால், ஹட்டனில் வீட்டுப் பெயின்ட் விற்கிற கடையிலிருந்து இலவசமாகக் கொண்டுவந்த நிற அட்டை அது. ஒவ்வொரு கன்னத்தின் அருகிலும் அட்டையைப் பிடித்து, அட்டையைப் பார்த்துச் சத்தமாக வாசித்தார்.

"மணல்மேடு. அடுத்த ஆள்... பழைய மரப்பலகை. அடுத்தது... காய்ஞ்ச செங்கல்."

காய்ந்த செங்கல் மீனம்மா. ஒரு காலத்தில் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அவளை அப்படிச் சொன்னதில்லை.

"எல்லாரும் 'ரோசா வெண்மை'க்கு வரவேணும்," என்று பேரின்பநாயகம் அறிவித்தார். "வாறவைக்கு முன்மலை. வராதவை ஆறாம் நம்பருக்குப் போகவேணும். இது தண்டனை இல்லை. பொலிவில்லாத ஆக்களுக்கு ஒதுக்குப்புறம் நிம்மதியா இருக்கும் எண்டுதான்."

ஆறாம் நம்பர் மலை செங்குத்து. பாதை என்று ஒன்று கிடையாது, வழுக்குப்பாறைதான். கொழுந்துச் சாக்கோடு அங்கே சறுக்கி விழுந்துதான் மீனம்மாவின் வலது முட்டி போனது. இன்னொரு தடவை ஏறினால் அந்தக் காலால் இறங்கமாட்டாள் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரியும். வேலைக்குப் போகாவிட்டால் பெயர் வெட்டுப்படும். பெயர் போனால் காம்பராவும் போகும். ஆகவே மீனம்மா முகத்தைக் காட்டினாள்.

வெயில் ஏறியதும் எரிச்சல் தொடங்கியது. எலுமிச்சை பூசிய தோலில் மலைவெயில் பட்டால் என்ன ஆகும் என்று ருசி பார்க்கும் அறைக்குத் தெரியாது. அங்கே வெயில் வராது. சில நாளில் கன்னங்கள் சிவந்தன. பிறகு கொப்புளம் எழும்பியது. மீனம்மா கொப்புளத்தோடேயே மறுநாளும் தூரிகைக்குக் கன்னத்தைக் கொடுத்தாள்.

"வேணாம்மா, கழுவிரு. நாந்தானே இந்தச் சனியன ஆரம்பிச்சேன், நானே சொல்றேன்," என்று தனுஜா அழுதாள்.

"கழுவிட்டு ஆறாம் நம்பர்ல ஏறச் சொல்றியா? மூஞ்சி எரிஞ்சா எரியட்டும். மூஞ்சிலயா நின்னு நான் கொழுந்து பறிக்கிறேன்? இந்தக் கால்லதானே நிக்கிறேன்."

தனுஜா தோட்டத்து டிஸ்பென்சரிக்கு அம்மாவைக் கூட்டிப் போனாள். அங்கிருந்த மருந்துக்கார ஐயா எட்ட நின்று பார்த்தார்.

"வேலையில பட்ட காயத்துக்குத்தான் இங்க மருந்து. மூஞ்சி வேலைக்கான உறுப்பு இல்லம்மா. கை வெட்டுப்பட்டா வாங்க, சந்தோசமா பாக்கிறேன். மூஞ்சின்னா அது பொலிவுப் பிரிவு."

பொலிவுப் பிரிவுக்குப் போனாள்.

"கொப்புளம் எண்டா அது டிஸ்பென்சரி," என்றார் பேரின்பநாயகம். "நாங்கள் நிறம் மட்டும்தான் பாக்கிறது. ஒருத்தற்ற வேலையில இன்னொருத்தர் தலையிட்டா நிர்வாகம் குழம்பிப்போகும்."

"ஐயா, ஒரே ஒரு நாளைக்கு நீங்க ஒங்க மூஞ்சில பூசிப் பாருங்களேன்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "நான் பரிசோதகன், பிள்ளை. பரிசோதகன் தன்னில பூசிப் பாத்தா வலியெண்டும் எரிவெண்டும் சொல்லத் தொடங்குவான். பிறகு எப்பிடி நடுநிலைமையாத் தீர்ப்புச் சொல்லுறது?"

இனி யாரிடம் போவது? தனுஜா ஒரு தந்திரம் செய்தாள். பழைய முறைப்படி தெளிந்த சீரம் செய்து, கொஞ்சம் தேயிலைச் சாயத்தண்ணீர் விட்டுப் பழுப்பாக்கி, எலுமிச்சையே சேர்க்காமல், விடியுமுன் யாரும் பாராதபோது கந்தப்பனின் வாளியில் மாற்றி ஊற்றிவிட்டாள். ஒரு காலை முழுவதும் ஒரு முகமும் எரியவில்லை. பெண்கள் ஒருவரையொருவர் ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டார்கள். மத்தியானம் வழக்கம்போல வாளியிலிருந்து மாதிரி எடுத்து ருசித்த கணேசமூர்த்தி துள்ளி எழுந்தார். கலப்படம்! எவரோ பொருளைக் கெடுத்துவிட்டார்கள்! அன்றிலிருந்து பீப்பாய்க்கு ஒரு வோச்சர் காவல் போடப்பட்டது. லயங்களுக்குத் தண்ணீர் வராததற்குக்கூட அவ்வளவு அவசரமாக எவரும் நடவடிக்கை எடுத்ததில்லை.

பிறகு தோல் உரியத் தொடங்கியது.

மீனம்மாவின் கன்னங்களில் மேல்தோல் வெங்காயச் சருகு மாதிரிக் கழன்று வந்தது. அதன் அடியில் பச்சைப் புண்ணாய், ஈரமாய், இளஞ்சிவப்பாய் ஒரு தோல். காற்றுப் பட்டாலே அவள் பல்லைக் கடித்தாள். பெரட்டில் பேரின்பநாயகம் அட்டையைப் பக்கத்தில் பிடித்தார். இன்னொருமுறை பிடித்தார்.

"ரோசா வெண்மை!" என்று கத்திவிட்டார். "அச்சொட்டா ரோசா வெண்மை!"

தோட்டத்து மனேஜரான துரைக்குத் தகவல் போனது. துரையிடமிருந்து கொழும்புக்குப் போனது. தேயிலை வாங்குகிற வெளிநாட்டு விருந்தினர்கள் வருகிற நாளில் மீனம்மா முன்மலையின் முதல் வரிசையில் நிறுத்தப்பட்டாள். கழுத்தில் மாலை. மாலையின் பூ கன்னத்தில் உரசாமல் அவள் தலையை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டு நின்றாள். அது நாணம் என்று விருந்தினர்கள் நினைத்தார்கள்.

துரை பேசினார். சிங்களம் கலந்த தமிழில், பெண்களுக்கும் விளங்க வேண்டும் என்று மெதுவாகவே பேசினார். "முன்னே இந்த அம்மா எப்படி இருந்தது? இப்ப பாருங்கோ. கம்பனி புதுசா ஒண்ணும் குடுக்க இல்லை. இருந்ததைத்தான் எடுத்தது. அதுதான் எங்கட வெற்றி." நெடுநாளைக்குப் பிறகு துரை சொன்ன உண்மை அது. எல்லோரும் கை தட்டினார்கள்.

படம் எடுக்க வந்த வெள்ளைக்காரப் பெண் சிரிக்கும்படி சைகை காட்டினாள். மீனம்மா சிரித்தாள். சிரித்ததில் வாயோரம் வெடித்து, ஒரு துளி இரத்தம் கீழுதட்டில் பரவியது. உதட்டுச்சாயம் இல்லாமலே இவ்வளவு சிவப்பா என்று அந்தப் பெண் வியந்து, இன்னும் நெருங்கி வந்து எடுத்தாள். விருந்தினருக்குப் பரிமாறவென்று பின்னால் தட்டில் தேநீர்க் கோப்பைகளோடு நிறுத்தப்பட்டிருந்த தனுஜாவுக்கு, தட்டை அத்தனை பேர் தலையிலும் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது. சொல்லும்போது எனக்கும் அப்படித்தான் இருக்கிறது. அவள் கவிழ்க்கவில்லை. அம்மாவின் முட்டி அவள் கண்முன்னால் நின்றது.

விருந்தினர்கள் கேக் தின்றுகொண்டிருந்தபோது அதிகாரிகள் அடுத்த கட்டத்தைப் பேசினார்கள். கோப்பைகளை எடுக்கப்போன தனுஜாவின் காதில் எல்லாம் விழுந்தது. அவள் கேட்டுவிடுவாளே என்று எவரும் குரலைத் தாழ்த்தவில்லை.

"முத்துன எலையில எவ்வளவு வேல செஞ்சாலும் இவ்வளவுதாங்க வரும்," என்று கணேசமூர்த்தி துரைக்கு விளக்கிக்கொண்டிருந்தார். "நல்ல சரக்கு வேணும்னா கொழுந்துல ஆரம்பிக்கணும்."

"அதைத்தான் நானும் எழுதி அனுப்பினனான்," என்றார் பேரின்பநாயகம். "தாய்மார் வேலைக்குப் போகேக்க விட்டிட்டுப் போற பிள்ளைக்காம்பராவில நாற்பது குழந்தைகள் இருக்குதுகள். வேலையாக்கள் எண்டா முனகுவினம், கழுவிப்போடுவினம். குழந்தையள் அப்பிடி இல்லை. அதுகள் அழும், ஆனா முறைப்பாடு செய்யாதுகள். தலைமையகம் ஓம் எண்டிட்டுது. நாளைக்கே தொடங்கலாம்."

தனுஜா கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு ஓடினாள். மாலையைக் கழற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னாள். மீனம்மா மகளைத் திட்டவில்லை, அழவில்லை. பக்கத்துக் காம்பராக் கதவைத் தட்டி உள்ளே போனாள். அங்கிருந்து அடுத்த காம்பராவுக்குப் போனாள். நொண்டிக்கொண்டே லயத்தின் கடைசி வரைக்கும் போனாள்.

மறுநாள் பெரட்டுக் களம் காலியாகக் கிடந்தது. பேரின்பநாயகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முந்திய நாள் விருந்து, சனம் களைத்துப்போயிருக்கும் என்று நினைத்தார். கந்தப்பனை வாளியைத் தூக்கச் சொல்லிப் பிள்ளைக்காம்பராவுக்கு நடந்தார். பனி இன்னும் விலகவில்லை. கட்டடத்தின் முன்னால் கூட்டமாக உருவங்கள் நிற்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. உடனே கைபேசியை எடுத்துத் தலைமையகத்துக்குப் பேசினார்.

"சேர், நான் நேரில நிண்டு பாத்துச் சொல்லுறன். அமோக வரவேற்பு சேர்! கூப்பிடமுன்னமே வரிசையில வந்து நிக்கினம். ஓம் சேர், முழுத் தோட்டமும்."

அருகே போனார். பெண்கள் கதவை மறைத்துத் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள். உள்ளே ஏதோ ஒரு குழந்தை சிணுங்க, தனுஜா அதைத் தட்டிக்கொடுத்து உறங்கவைக்கிற சத்தம் கேட்டது.

"வழி விடுங்கோ. ஒவ்வொருத்தரா. தள்ளுப்பட வேண்டாம்," என்றார் பேரின்பநாயகம்.

எவரும் அசையவில்லை. கந்தப்பன் வாளியை நிலத்தில் வைத்தார். அவருடைய பேத்தியும் உள்ளேதான் இருந்தாள். நடந்துபோய்ப் பெண்களோடு பெண்களாக நின்றுகொண்டார்.

கைபேசியில் தலைமையகம் இன்னும் காத்திருந்தது. அந்தப் பனி அமைதியில் அதன் குரல் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. "மிஸ்டர் பேரின்பநாயகம்? வந்திருக்கிற ஆக்கள் இப்ப என்ன நிறம்? மேலிடத்துக்குச் சொல்லவேணும்."

பேரின்பநாயகத்தின் கை சட்டைப்பைக்குப் போய் நிற அட்டையைத் தேடியது. மீனம்மா ஓர் அடி முன்னால் வந்தாள். அவருடைய மூச்சுப் படுகிற தூரத்தில் நின்று, உரிந்துபோன முகத்தை அவருக்கு நேரே நிமிர்த்தினாள்.

"அட்டை வேணாங்கய்யா," என்றாள். "எங்க மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."